வினைமுற்று வரைக்கும்

"சேர், அந்த ஓவர்ரைம் விஷயம்…"

நான் சொன்னது இவ்வளவுதான். 2016 ஆம் ஆண்டு, ஆடி மாதம். யாழ்ப்பாண நகரத்துக்குள் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு தனியார் நிறுவனத்தில், கணக்குப் பகுதியில் எனக்கு அது மூன்றாவது வருடம். சேர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் மேசையில் இருந்த பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓம் தங்கச்சி, எனக்கும் தெரியும். இப்ப நிலைமை அப்பிடி. பாப்பம்" என்றார். "ஓம் சேர், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் கதிரையில் வந்து இருந்த பிறகுதான் உறைத்தது. நான் ஒன்றுமே கேட்கவில்லை. ஓவர்ரைம் விஷயம் என்று ஒரு பெயரைச் சொன்னேன், மிச்சத்தை அவர் சொன்னார், அவருக்கு வசதியாகச் சொன்னார். அதற்கு "பரவாயில்லை" என்று நானே சம்மதமும் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் ‘வந்து’, ‘கேட்டு’, ‘போக’ என்றும் மறுபக்கத்தில் ‘வந்தான்’, ‘கேட்டான்’, ‘போனான்’ என்றும் எழுதுவா. முதலாவது எச்சம், இரண்டாவது முற்று. "எச்சத்தில வசனம் நிக்காது பிள்ளையள், கேக்கிற ஆள் இன்னும் காத்துக்கொண்டு நிப்பார்" என்பா. அன்று பரீட்சைக்காகப் படித்ததுதான். அலுவலகக் கதிரையில் இருந்தபோது அது எனக்கு வேறு மாதிரி விளங்கியது. எங்கள் மொழியில் வினை கடைசியில்தான் வருகிறது. யார், எப்போது, எதை, யாரிடம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் வேண்டும், முடியாது, தாருங்கள், மாட்டேன் என்ற அந்த ஒரு சொல் வரும். அதனால் பயந்த ஒருவர் தமிழில் பாதியில் நிறுத்தினால், முக்கியமான சொல்லுக்குச் சற்று முன்னால் நிறுத்துகிறார். கேட்கிறவர் அந்த இடத்தைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளலாம். அலுவலகத்தில் எத்தனை வருடம் இப்படி எச்சத்திலேயே கதைத்திருக்கிறேன் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். "லீவு ஒண்டு…", "அந்தக் கடிதம் இன்னும்…", "சேர், போன வருசச் சம்பள உயர்வு…"

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் கடைசி மூன்று நாளும் அடுத்த மாதத்தின் முதல் மூன்று நாளும் கணக்கு முடிப்பதற்காக நான் இரவு ஏழரை வரை நிற்பேன். வேலை நேரம் ஐந்து மணியோடு முடிகிறது. நாளுக்கு இரண்டரை மணித்தியாலம், ஆறு நாளுக்கு 15 மணித்தியாலம். அதற்கு ஒரு சதமும் வருவதில்லை. எங்கள் வீடு நீர்வேலியில். ஏழரைக்கு வெளிக்கிட்டு பருத்தித்துறை வீதிக்குப் போகிற பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடிக்காத நாட்களில் அப்பா சைக்கிளில் கோப்பாய்ச் சந்தி வரைக்கும் வந்து நிற்பார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது. மழை நாளில் அவர் ஒரு கடைத் தாழ்வாரத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது வரும் கோபத்தை நான் ஒரு நாளும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனதில்லை.

ஏன் கொண்டுபோகவில்லை என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் தெரியும்.

ஒன்று வீட்டுக்காரணம். "வாய் காட்டாதை" என்பது எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அதிகம் கேட்டு வளர்ந்த வசனங்களில் ஒன்று. அதே அம்மாமார்தான் "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, எங்கே வாய் திறப்பது, எங்கே அது வாய் காட்டுவதாகப் போகும் என்ற எல்லை தெரிவதில்லை. யாரும் சொல்லித் தருவதும் இல்லை. ஆகவே பாதுகாப்பான பக்கம் எதுவோ அந்தப் பக்கம் நின்றுவிடுகிறோம்.

மற்றது இன்னும் ஆழமானது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுதும் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் நிறைந்திருந்த அந்த இரவில் அம்மா என் கையைப் பிடித்தபடி சொன்னது "கத்தாதை, கையை மட்டும் விடாதை" என்று. அடுத்த வருடம் திரும்பி வந்த பிறகு சோதனைச் சாவடிகள். பள்ளிக்கூடம் போகும்போது ஒன்று, சந்தைக்குப் போகும்போது ஒன்று. அங்கே அம்மா சொல்லித் தந்த பாடம் இதுதான்: "நீயா ஒண்டும் கதைக்காதை. கேட்டாச் சொல்லு. கொஞ்சமாச் சொல்லு. கண்ணைப் பாக்காதை." அது கோழைத்தனம் இல்லை. அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய புத்தி. குறைவாகக் கதைத்தவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். என் வயதுக்காரர்கள் பலருடைய உடம்பில் அந்தப் பாடம் இன்னும் இருக்கிறது. அதிகாரத்தோடு ஒருவர் முன்னால் இருந்தால் குரல் தானாகத் தாழ்கிறது, கண் மேசையைப் பார்க்கிறது, வசனம் பாதியில் நிற்கிறது. முன்னால் இருப்பவர் துவக்கு வைத்திருக்கவில்லை, கல்குலேற்றர்தான் வைத்திருக்கிறார் என்பது மூளைக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரிய இன்னும் காலம் எடுக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று கொழும்பிலிருந்து வந்து யாராவது சொன்னால் எனக்கு மனம் நோகிறது. நாங்கள் கற்ற மௌனம் எங்களைக் காப்பாற்றிய மௌனம். அதை மரியாதையாகத்தான் கழற்றி வைக்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒரு விமான விபத்தைப் பற்றி வாசித்தேன். அதை நான் இன்றும் மறக்கவில்லை. 1990 ஜனவரி 25, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் போன அவியான்கா 52 என்ற விமானம். காலநிலை சரியில்லாததால் அதை வானத்திலேயே மூன்று தடவை சுற்றிக் காத்திருக்க வைத்தார்கள், மொத்தம் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தரையோடு கதைத்தவர் துணை விமானி. தலைமை விமானி ஸ்பானிய மொழியில் அவரிடம், அவசரநிலை என்று சொல் என்கிறார். துணை விமானி தரைக்குச் சொன்னது, எங்களுக்கு எரிபொருள் முடிந்துகொண்டு வருகிறது என்பதுதான். ‘அவசரநிலை’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், உங்கள் எரிபொருளுக்கு அது சரியா என்று தரையில் இருந்தவர் கேட்டபோதும், சரியென்றுதான் நினைக்கிறேன், மிக்க நன்றி என்ற மாதிரித்தான் பதில் சொன்னார். விமானம் லோங் ஐலண்டில் ஒரு குன்றில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

அந்தத் துணை விமானியை என்னால் குறை சொல்ல முடியவில்லை. தாய்மொழி இல்லாத ஒரு மொழியில், தன்னைவிடப் பெரிய அதிகாரத்தோடு, இரவு நேரத்தில் அவர் கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய "மிக்க நன்றி"க்குள் என்னுடைய "பரவாயில்லை சேர்" எனக்குக் கேட்டது. அதை வாசித்து முடித்ததும் எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

எங்கள் நிறுவனத்திலேயே ஸ்ரோர்ஸில் ஒரு அக்கா இருந்தா. ஐம்பது வயதிருக்கும். ஓ.எல். வரைக்கும்தான் படித்தவ. அவ குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் மத்தியானம் சீமெந்து லொறி வந்து நின்றது. ட்ரைவர் தம்பிக்கு அவசரம், அடுத்த கடைக்குப் போகவேண்டும். இறக்கி முடிந்ததும் தாளை நீட்டி, "அக்கா, கையெழுத்தை வையுங்கோ, நான் வெளிக்கிடுறன்" என்றான். அக்கா சொன்னா: "தம்பி, எண்ணாமல் கையெழுத்து வைக்க மாட்டன். இருபது நிமிசம் செல்லும். நிழலில இருங்கோ, தண்ணி தாறன்."

அவன் முகத்தைச் சுழித்தான். உள்ளே சேருக்குப் போன் பண்ணினான். சேர் அக்காவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அக்கா ரெலிபோனில் சொன்னது எனக்குக் கேட்டது: "ஓம் சேர். எண்ணிப்போட்டு வைக்கிறன் சேர்." அதே விஷயம், அதே குரல், கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தாளில் 240 பை என்று இருந்தது. எண்ணியபோது 236. அக்கா தாளில் 236 என்று வெட்டி எழுதி, பக்கத்தில் அவனையும் கையெழுத்து வைக்கச் சொல்லிவிட்டு, தன் செம்பைக் கழுவிக் கவிழ்த்தா.

நான் அந்த வசனங்களைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். மாட்டன். செல்லும். தாறன். மூன்றும் முற்று. காரணம் விளக்கி அவ நேரத்தைச் செலவழிக்கவில்லை, "குறை நினைக்காதையுங்கோ" என்று தொடங்கவுமில்லை. தம்பி என்ற முறையையும் விடவில்லை, தண்ணீரையும் மறக்கவில்லை. உறுதியாகக் கதைப்பதென்றால் மேலதிகாரி மாதிரி முறைத்துக்கொண்டு, முறை சொல்லாமல் கதைப்பது என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் ஊர் அலுவலகங்களில் எல்லோரும் அண்ணை, அக்கா, தங்கச்சிதான். ‘நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி’ என்று சொல்லித்தான் ஏழரை வரைக்கும் நிற்க வைப்பார்கள், குடும்பத்துக்கு முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அக்கா அந்த முறைக்குள் நின்றுகொண்டே மாட்டன் என்றா. அது எனக்குப் புதிது.

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977 இல் எழுதிய ஒரு கருத்து இருக்கிறது. என்னால் இது முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்த்தார். மிகப் பலமான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைக் காண்பது. மற்றவர்கள் தரும் ஊக்கப் பேச்சும், அந்த நேரத்து உடம்பு நிலையும் அதற்குப் பிறகுதான். எனக்கு இது முழுக்க உண்மை. மண்டபம் நிறைந்த ஊக்கப் பேச்சுகளுக்குப் போயிருக்கிறேன், கைதட்டியிருக்கிறேன், திங்கட்கிழமை காலையில் ஒன்றும் மாறியிருக்காது. நம்பிக்கை வந்த பிறகு கதைப்போம் என்று காத்திருந்தேன் பாருங்கள், அதுதான் பிழை. அது முன்னால் வராது, கதைத்த பிறகு பின்னால் வரும். அந்த அக்கா சீமெந்துப் பை எண்ணியதைப் பார்த்த அரை மணித்தியாலம் எனக்கு எல்லாப் பேச்சையும் விடப் பெரிது.

அப்புறம் நான் ஆயத்தம் செய்தேன். முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவு. அதைப் பார்க்கும்போதே சம்பளச் சிட்டையில் வருகிற மற்ற இலக்கங்களையும் சரிபார்த்தேன்: ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடமிருந்து 8 சதவீதம், முதலாளி 12, நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3. அவை சரியாகவே போயிருந்தன. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோபத்தில் எல்லாமே பிழை என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன். எது சரி, எது பிழை என்று தாளில் பிரிந்ததும் கோபம் பாதியாகக் குறைந்தது. கதைக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்.

பிறகு வசனம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் தடவை எழுதியது ஆறு வரி. அப்பாவின் சைக்கிள், பஸ், மழை எல்லாம் அதில் இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் இரண்டு வசனம் மிஞ்சியது. விடியக் காலையில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் ‘வேணும்’ என்ற இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. கப்பிச் சத்தத்தை விட மெல்லியதாக வந்தது. நான்காம் நாள் அம்மா குசினிக்குள் இருந்து "ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்டா. அப்ப சரி, கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாத முடிவு அலுவல் முடிந்திருந்தது, சேர் தேத்தண்ணி குடித்து முடித்திருந்தார். அந்த நேரத்தையும் யோசித்துத்தான் தெரிந்தேன். ஆட்கள் முன்னால் கேட்டால் அவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும்.

"சேர், ஒவ்வொரு மாதமும் கணக்கு முடிக்கிறதுக்கு நான் ஆறு நாள் ஏழரை மணி வரைக்கும் நிக்கிறன், 15 மணித்தியாலம். இந்த மாதத்திலயிருந்து அதுக்கு ஓவர்ரைம் காசு வேணும்."

சொல்லிவிட்டேன். மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். அந்த அமைதியைத் தாங்குவதுதான் மிகக் கடினம். ஏதாவது சொல்லி அதை நிரப்பு, பரவாயில்லை என்று சொல்லு, சிரி என்று என் உடம்பு முழுதும் தள்ளியது. நான் கைவிரல்களைக் கோர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆர் தங்கச்சி உங்களுக்குச் சொல்லித் தந்தது?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை சேர். 15 மணித்தியாலத்துக்கு ஓவர்ரைம் காசு வேணும்."

"நாங்கள் உங்களை வேலைக்காரர் மாதிரியே வைச்சிருக்கிறம்? வீட்டுப் பிள்ளை மாதிரியெல்லோ."

"ஓம் சேர், அந்த மரியாதை எனக்கு இருக்கு. அதாலதான் நேர வந்து கேக்கிறன்."

"சரி, பாப்பம்."

"வெள்ளிக்கிழமை வந்து கேக்கிறன் சேர்."

அந்தக் கடைசி வசனம் கலண்டர் தாளில் இருக்கவில்லை. அது தானாக வந்தது. வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். அந்த மாதத்திலிருந்து தருவதாகச் சொன்னார், தந்தார். பழைய மூன்று வருடத்துக்கும் ஒன்றும் தரவில்லை. அதைக் கேட்பதற்கு அன்று என்னிடம் பலம் இருக்கவில்லை. சில மாதங்களுக்கு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை, பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "சட்டம் கதைக்கிற பிள்ளை" என்று பின்னால் சொன்னவர்களும் இருந்தார்கள். அது நொந்தது. ஆனால் ஐப்பசியில் கணக்குப் பகுதியில் மற்ற இரண்டு பேருக்கும் அந்தக் கொடுப்பனவு வந்தது.

எல்லோரும் இப்படிக் கேட்கலாம் என்று நான் லேசாகச் சொல்ல மாட்டேன். ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் இருந்து வருகிற பிள்ளைக்கு அந்த மின்விசிறிச் சத்தம் என்னை விடப் பல மடங்கு பெரிதாகக் கேட்கும். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுதும் நின்ற காலத்தில் வேலையைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அப்படியானவர்கள் தனியே போகாமல் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். நேரே கேட்டுச் சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்திலும் தொழில் திணைக்கள அலுவலகம் இருக்கிறது. அங்கே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். முறைப்பாடு என்றதும் சண்டை என்று நினைக்க வேண்டியதில்லை, அதுவும் முடிந்த வசனம் ஒன்றுதான்.

மொழி என்றதும் இன்னொன்று. 2019 இல் வேலை மாறினேன். இப்போது இருக்கும் இடத்தில் தலைமை அலுவலகம் கொழும்பில். 2020 இலிருந்து மீற்றிங் எல்லாம் சூமில், ஆங்கிலத்தில். 1956 இல் சிங்களம் மட்டும் என்று வந்த சட்டத்துக்குப் பிறகு, 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆகிவிட்டது. ஆனால் மீற்றிங்கில் நடைமுறை மொழி வேறு. யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோரும் மைக்கை மூடிவிட்டுச் சிறு சிறு பெட்டிகளாக இருப்போம். ஒருமுறை எங்கள் மாவட்டத்துச் செலவுக் கணக்கை அங்கே ஒருவர் பிழையாக வாசித்தார். பிழை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் எழுதினோம், மைக்கைத் திறக்கவில்லை. அந்தப் பிழை மூன்று மாதம் அறிக்கையில் ஓடியது, திருத்துவதற்கு நாங்களேதான் இரவிரவாக இருந்தோம்.

தன்னம்பிக்கையும் ஆங்கிலமும் ஒன்றில்லை என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது அடித்துச் சொல்ல வேண்டும். இப்போது நான் செய்வது சின்ன விஷயம். மீற்றிங்குக்கு முதல், சொல்லவேண்டிய முதல் வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்வேன், இலக்கத்தோடு. முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவேன். நேரம் போகப் போக வாய் இறுகும், அது எனக்குத் தெரியும். இடையில் யாராவது வெட்டினால், முடித்துவிடுகிறேன், ஒரு நிமிடம் என்று சொல்ல ஒரு வசனம் வைத்திருக்கிறேன். இலக்கணம் சில நேரம் பிழைக்கும். இலக்கம் பிழைக்காது.

போன கிழமை, புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. இருபத்துமூன்று வயது, கிளிநொச்சிப் பிள்ளை.

"மிஸ், வியாழக்கிழமை அம்மாவுக்குக் கிளினிக்…"

அவ்வளவோடு நின்றது. கண் என் மேசையில் இருந்த பைலைப் பார்த்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சரி பிள்ளை, போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டால் ஒரு நொடியில் அலுவல் முடியும், நல்ல மிஸ் என்ற பெயரும் கிடைக்கும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சிரித்த முகமாகத்தான் இருந்தேன். அந்த அமைதி அவளுக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

"…கூட்டிக்கொண்டு போகவேணும் மிஸ். எனக்கு அரை நாள் லீவு வேணும்."

லாச்சியைத் திறந்து லீவுப் படிவத்தை எடுத்து நீட்டினேன். காரணம் என்ற இடத்தில் ‘தாயாரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல’ என்று எழுதி நிறுத்தியிருந்தாள். படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘வேண்டியுள்ளது’ என்று சேர்த்து எழுதினாள்.